லேப்டாப்பில் மல்டிட்ராக் ரெக்கார்டிங்: எக்ஸ்டெர்னல் டிரைவை வாங்குவதும் தயார் செய்வதும்

எட்டு மைக் வைத்து, ஒவ்வொன்றையும் தனி டிராக்காக (அதுதான் மல்டிட்ராக்) ஒரு கச்சேரியைப் பதிவு செய்ய, டிரைவ் நொடிக்கு 1.15 எம்பி எழுதினால் போதும். கடையில் இருக்கும் எஸ்எஸ்டி பெட்டிகளிலோ "நொடிக்கு 1,050 எம்பி" என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதனால் வேகம் போதாமல் ரெக்கார்டிங் கெடுவது இன்று அபூர்வம். கெடுவதெல்லாம் வேறு காரணங்களால்தான். நடுவில் டிரைவ் தூங்கிவிடும், கேபிள் அசைந்து இணைப்பு விட்டுப்போகும், மின்சாரம் போதாமல் டிரைவ் மறைந்துவிடும், அல்லது தவறான ஃபார்மேட்டால் ஃபைல் முழுதாகக் கிடைக்காது. ஒலிப்பதிவுக்கு வேகமான டிரைவ் என்றால் ஒரு கணமும் நிற்காமல் எழுதும் டிரைவ். இந்த வழிகாட்டி முழுக்க அந்தப் பார்வையில்தான் போகிறது.

முதலில் கணக்கு

சாம்பிள் ரேட்டை (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறோம்) பிட் டெப்த்தால் (ஒவ்வோர் அளவுக்கும் எத்தனை பிட்) பெருக்கி எட்டால் வகுத்தால், ஒரு டிராக்குக்கு நொடிக்கு எத்தனை பைட் என்று தெரிந்துவிடும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றால் 1,44,000 பைட். ஒரு மணி நேரத்துக்கு 518 எம்பி.

கர்நாடக இசைக் கச்சேரியையே எடுத்துக்கொள்வோம். பாடகருக்கு ஒரு மைக், வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் தனித்தனியாக இரண்டு, கடத்துக்கு ஒன்று, தம்பூராவுக்கு ஒன்று, அரங்க ஒலிக்கு இரண்டு. மொத்தம் எட்டு டிராக். மூன்று மணி நேரத்துக்கு 12.4 ஜிபி ஆகும். அதையே 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் 24.9 ஜிபி. 48-லேயே 32 பிட் ஃப்ளோட்டில் பதிந்தால் 16.6 ஜிபி. கச்சேரிக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தாராளம். வீடியோவும் சேர்ந்து எடுப்பவர்களுக்கு அதே 48 தான் வேண்டியிருக்கும்.

1 டிபி டிரைவில் இப்படி எண்பது கச்சேரி அடங்கும். விண்டோஸில் அது 931 ஜிபி என்று காட்டும். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது, இடம் எதுவும் தொலையவில்லை. ஆனால் டிரைவை விளிம்புவரை நிரப்பாதீர்கள். 15 முதல் 20 சதவீதம் எப்போதும் காலியாக இருக்கட்டும். நிரம்பிய எஸ்எஸ்டி, எழுதுவதற்கு முன் பழைய இடத்தை அழித்துச் சேர்க்க நேரம் எடுத்துக்கொள்ளும். நிரம்பிய ஹார்ட் டிஸ்க்கில் ஃபைல்கள் துண்டு துண்டாகச் சிதறும்.

ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா

2.5 அங்குல போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கில் ஒரே பெரிய ஃபைலைக் காப்பி செய்தால் நொடிக்கு நூறு எம்பிக்கு மேல் வரும். அந்த எண்ணை நம்பி ரெக்கார்டிங்குக்கு வாங்கினால் ஏமாற்றம்தான். மல்டிட்ராக்கில் ஒரே ஃபைல் இல்லை. டிராக்குக்கு ஒரு ஃபைல். தட்டின் மேல் ஓடி எழுதும், படிக்கும் ஒரே ஹெட், பந்தியில் ஒருவரே எல்லா இலைக்கும் சாம்பார் ஊற்றுவது போல, ஒவ்வொரு ஃபைலுக்கும் தாவித் தாவிப் போக வேண்டும்.

அந்தத் தாவலுக்கு ஆகும் நேரத்தைப் பார்ப்போம். நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் தட்டு அரைச்சுற்று வர 5.6 மில்லிசெகண்ட். ஹெட் நகர சுமார் 12. ஆக ஒரு தாவலுக்கு ஏறத்தாழ 17.6 மில்லிசெகண்ட். மென்பொருள் 64 கேபி துண்டுகளாக எழுதுகிறது என்று வைத்துக்கொண்டால், 16 டிராக் பதிவுக்கு நொடிக்கு 35 தாவல், 0.62 நொடியில் முடிந்துவிடும், சமாளிக்கலாம். ஆனால் ஏற்கெனவே பதிந்த 56 டிராக்கை ஓடவிட்டு மேலே 8 டிராக் ஓவர்டப் செய்தால், அதாவது பழையதைக் கேட்டுக்கொண்டே புதிதாகப் பதிந்தால், நொடிக்கு 140 தாவல். ஒரு நொடி வேலைக்குக் கிட்டத்தட்ட இரண்டரை நொடி தேவைப்படும். டிஸ்க் ஓவர்லோட் என்று நின்றுவிடும். மென்பொருள்கள் பெரிய துண்டுகளாக எடுத்தும், நினைவகத்தில் முன்கூட்டியே வைத்தும் இதை ஓரளவு தணிக்கின்றன. ஆனாலும் டிராக் கூடக் கூடத் தடுமாறுவது மாறாது.

இன்னொரு சங்கடம் எஸ்எம்ஆர். இன்று விற்கும் 2.5 அங்குல போர்ட்டபிள் டிஸ்க்குகள் பெரும்பாலும் இந்த வகைதான். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறியிருக்கும். நடுவில் ஒரு தடத்தை மாற்றினால் பக்கத்துத் தடங்களையும் திருப்பி எழுத வேண்டும். புது டிஸ்க்கில் இது தெரியாது. சில மாதம் எடிட் செய்து, அழித்து, மறுபடி எழுதிய பிறகு டிஸ்க் திடீரென்று சில நொடி மூச்சுவாங்கும். ரெக்கார்டிங்கின்போது அந்தச் சில நொடிகள்தான் ஆபத்து.

எஸ்எஸ்டியில் ஹெட்டும் இல்லை, தாவலும் இல்லை. சத்தமும் இல்லை என்பதால் மைக் அருகிலேயே லேப்டாப் இருக்கும் சிறிய அறையில் அது பெரிய வசதி. ஸ்பீக்கர் அதிர்வும் அதை ஒன்றும் செய்யாது. ஆகவே ரெக்கார்டிங்குக்கு எஸ்எஸ்டி, காப்பி எடுத்து வைக்க ஹார்ட் டிஸ்க் என்று பிரித்துக்கொள்வதே சரி. பென் டிரைவும் மெமரி கார்டும் ரெக்கார்டிங்குக்கு வேண்டாம். முதல் சில நிமிடம் நன்றாக எழுதிவிட்டு, பிறகு ஒழுங்கில்லாமல் நின்று நின்று எழுதும்.

லேப்டாப்பின் உள்ளேயே எஸ்எஸ்டி இருந்து, அதில் இடமும் இருந்தால் அதிலேயே பதியலாம். சிஸ்டம் டிரைவில் ரெக்கார்ட் செய்யவே கூடாது என்ற பழைய அறிவுரை ஹார்ட் டிஸ்க் காலத்தது. அப்படிப் பதிபவர்களுக்கு எக்ஸ்டெர்னல் டிரைவ் இரண்டாவது பிரதிக்குப் பயன்படும். 256 ஜிபி மட்டும் உள்ள, மாற்ற முடியாத ஸ்டோரேஜ் கொண்ட லேப்டாப்களுக்குத்தான் எக்ஸ்டெர்னல் டிரைவ் கட்டாயம்.

எதைப் பார்த்து வாங்குவது

1 டிபி கொள்ளளவு, டிஎல்சி ஃப்ளாஷ் (ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் மெமரி), 10 ஜிகாபிட் யுஎஸ்பி, டைப்-சி. இவ்வளவுதான் தேவை. சாம்சங் டி7 ஷீல்டு, குரூஷியல் எக்ஸ்9 ப்ரோ இரண்டும் இந்த வகை. பெயரின் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள்: ப்ரோ இல்லாத குரூஷியல் எக்ஸ்9 கியூஎல்சி ஃப்ளாஷ், அதாவது செல்லுக்கு நான்கு பிட். கியூஎல்சி என்றால் ரெக்கார்டிங் நின்றுவிடும் என்று பயப்பட வேண்டாம். அதன் கேஷ் (வேகமாக எழுதும் தற்காலிக இடம்) நிரம்பிய பின் வேகம் வெகுவாகச் சரியும்; ஆனால் சரிந்த வேகம்கூட எட்டு டிராக்குக்குத் தேவையானதைப் போலப் பல மடங்கு. பல நூறு ஜிபி சாம்பிள் லைப்ரரியைக் காப்பி செய்யும்போதுதான் அது பொறுமையைச் சோதிக்கும்.

20 ஜிகாபிட் என்று போட்ட டிரைவுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். அந்த முறையைப் பெரும்பாலான மேக்புக்குகள் ஆதரிப்பதில்லை, 10-க்கு இறங்கிவிடும். விண்டோஸ் லேப்டாப்களிலும் அந்த போர்ட் இருப்பவை குறைவு. தண்டர்போல்ட் டிரைவும் ஒலிக்கு மட்டும் என்றால் தேவையில்லை. மிச்சப்படும் பணத்தில் காப்பிக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள்.

கையில் உபரியாக எம்.2 எஸ்எஸ்டி (லேப்டாப்புக்குள் மாட்டும் தட்டை வகை) இருந்தால் என்க்ளோஷர் (அதற்கான யுஎஸ்பி பெட்டி) வாங்கிப் பொருத்தலாம். உள்ளே என்ன பிரிட்ஜ் சிப் (எஸ்எஸ்டியை யுஎஸ்பியோடு இணைப்பது) என்று விற்பவர் குறிப்பிட்டிருக்க வேண்டும். என்விஎம்இ வகை எம்.2 எஸ்எஸ்டிக்கு ஏஎஸ்மீடியாவின் ஏஎஸ்எம்2362, ரியல்டெக்கின் ஆர்டிஎல்9210பி, ஜேமைக்ரானின் ஜேஎம்எஸ்583 ஆகியவை பரவலாகப் புழங்குபவை. யுஏஎஸ்பி (பல கட்டளைகளை ஒரே சமயத்தில் ஏற்கும் யுஎஸ்பி முறை) ஆதரவு உண்டா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் டிரைவ் ஒரு நேரத்தில் ஒரு கட்டளையை மட்டுமே ஏற்கும். டிராக் கூடும்போது இது உறைக்கும்.

ஆன்லைனில் "16 டிபி எஸ்எஸ்டி" என்று சில ஆயிரம் ரூபாய்க்கு வருபவை அத்தனையும் போலி. உள்ளே இருப்பது சிறிய மெமரி கார்டு. கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும்படி ஃபர்ம்வேரை மாற்றியிருப்பார்கள். எழுதுவது போலவே இருக்கும், உண்மையான கொள்ளளவு தாண்டியதும் பழையதன் மேலேயே எழுதும். வாங்கிய எந்த டிரைவையும் முதல் நாளே விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கில் எஃப்3 கொண்டு முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள். சில மணி நேரம் ஆகும், ஆனால் திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் முடித்துவிட வேண்டும்.

கேபிள், போர்ட், மின்சாரம்

பிரச்சினைகளில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. டைப்-சி கேபிள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். போனோடும் சார்ஜரோடும் வருபவை பல யுஎஸ்பி 2.0 வேகம் மட்டுமே தருபவை. அதில் மாட்டினால் 1,050 எம்பி டிரைவ் 40-ல் ஓடும். டிரைவோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். ஒரு மீட்டருக்கு மேல் நீளமானது வேண்டாம். கேபிளில் ஒரு கலர் டேப் ஒட்டி ரெக்கார்டிங் பையிலேயே வைத்துவிட்டால் சார்ஜ் போட எடுத்துப்போய் மாறாது.

டைப்-ஏ போர்ட்டில் செருகும்போது மெதுவாகச் செருகினால், முன்வரிசை பின்கள் முதலில் தொட்டு டிரைவ் 2.0 ஆக அடையாளம் காணப்படுவதுண்டு. கழற்றி ஒரே அழுத்தில் செருகினால் சரியாகும். மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் யுஎஸ்பி பகுதியைத் திறந்தால் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று தெரியும்.

யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்ப், 3.0 போர்ட் 900 மில்லிஆம்ப் கொடுக்க வேண்டும் என்பது விதி. மைக்குகளுக்கு 48 வோல்ட் மின்சாரம் (ஃபேன்டம் பவர்) கொடுக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் (மைக்குகளை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) டிரைவும், தனி அடாப்டர் இல்லாத ஒரே ஹப்பில் தொங்கினால் இரண்டும் சேர்ந்து அதைத் தாண்டிவிடும். நான்கு கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் போட்ட கணத்தில் டிரைவ் மறைந்தால் காரணம் இதுதான். இன்டர்ஃபேஸ் லேப்டாப்பின் ஒரு போர்ட்டில், டிரைவ் இன்னொரு போர்ட்டில், இரண்டும் நேரடியாக. சார்ஜரையும் அதிலேயே மாட்ட வேண்டிய, டைப்-சி போர்ட் இரண்டே உள்ள லேப்டாப் என்றால் சொந்த அடாப்டர் உள்ள ஹப் அவசியம்.

இரண்டையும் ஒரே ஹப்பில் மாட்டினால் டேட்டா நெரிசல் வருமா என்று பலர் கேட்பார்கள். பெரும்பாலான இன்டர்ஃபேஸ்கள் யுஎஸ்பி 2.0 கம்பிகளில் ஓடுகின்றன. எஸ்எஸ்டி யுஎஸ்பி 3-இன் தனிக் கம்பிகளில் ஓடுகிறது. ஆகவே டேட்டா முட்டிக்கொள்வது அரிது. முட்டிக்கொள்வது மின்சாரம்தான்.

யுஎஸ்பி 3 கேபிளும் கனெக்டரும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கசியவிடும். இன்டெல் 2012-லேயே இதை அளந்து வெளியிட்டது. சட்டையில் மாட்டும் சிறிய வயர்லெஸ் மைக்குகள் பலவும் அதே 2.4-ல் இயங்குபவை. அவற்றின் ரிசீவரை டிரைவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தால் சிக்னல் விட்டுவிட்டு வரும். லேப்டாப்பின் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றுங்கள்.

ஃபார்மேட்

பெரும்பாலான டிரைவ்கள் எக்ஸ்ஃபேட்டில் வருகின்றன, விண்டோஸிலும் மேக்கிலும் திறக்கும் என்பதால். ரெக்கார்டிங்குக்கு அதை அப்படியே விடக் கூடாது. எக்ஸ்ஃபேட்டில் ஜர்னலிங், அதாவது செய்யப்போகும் மாற்றத்தை முதலில் குறித்துவைக்கும் வசதி, இல்லை. எழுதும்போது கேபிள் கழன்றால் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியலே குலையலாம். விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ், அலொகேஷன் யூனிட் டிஃபால்ட்டாகவே இருக்கட்டும். மேக் மட்டும் என்றால் டிஸ்க் யுட்டிலிட்டியில் "ஷோ ஆல் டிவைசஸ்" போட்டு, மேல்மட்ட டிவைஸைத் தேர்ந்தெடுத்து, ஜியுஐடி பார்ட்டிஷன் மேப்பும் ஏபிஎஃப்எஸ்ஸும் கொடுத்து அழியுங்கள். ஏபிஎஃப்எஸ் எஸ்எஸ்டிக்கு மட்டும். மேக்கில் பயன்படுத்தும் ஹார்ட் டிஸ்க்குக்கு மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டட் ஜர்னல்டு. இரண்டு சிஸ்டத்துக்கும் ஃபைல் போக வேண்டுமானால், ரெக்கார்டிங்கை ஜர்னல் உள்ள டிரைவில் முடித்துவிட்டு, கொடுப்பதற்கு மட்டும் எக்ஸ்ஃபேட் டிரைவில் காப்பி செய்யுங்கள்.

ஃபேட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபி தாண்டாது. டிரைவ் எதுவானாலும் சாதாரண வேவ் ஃபைலுக்கே அந்த 4 ஜிபி எல்லை உண்டு. டிராக்குக்கு ஒரு மோனோ ஃபைல் என்றால் எட்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கும், கவலையில்லை. எட்டு சேனலையும் ஒரே ஃபைலாகப் பதியும் மிக்சர்களிலும் மென்பொருள்களிலும் 62-வது நிமிடத்தில் எல்லை வந்துவிடும். அநேகமாக ராகம் தானம் பல்லவிக்கு முன்பே. ஃபைல் வகையை ஆர்எஃப்64 அல்லது டபிள்யூ64 என்று மாற்றுங்கள், இல்லையேல் தனித்தனி மோனோவாகப் பதியுங்கள்.

லேப்டாப்பில் மாற்ற வேண்டியவை

விண்டோஸில்:

1. பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் "யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்" டிசேபிள். "டர்ன் ஆஃப் ஹார்ட் டிஸ்க் ஆஃப்டர்" நெவர். பேட்டரிக்கும் சார்ஜருக்கும் தனித்தனி வரிசை இருக்கும், இரண்டையும் மாற்றுங்கள். பலர் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, பேட்டரியில் ஓடும்போது டிரைவ் தூங்குகிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.
2. டிவைஸ் மேனேஜரில் டிரைவின் ப்ராப்பர்ட்டீஸ், பாலிசீஸ். 2018-இன் 1809 பதிப்பிலிருந்து "குவிக் ரிமூவல்" டிஃபால்ட். எஸ்எஸ்டிக்கு அதுவே இருக்கட்டும். "பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்" வைத்தால் வேகம் கூடும், ஆனால் எழுதாத டேட்டா நினைவகத்தில் காத்திருக்கும். கேபிள் கழன்றால் அது போய்விடும். நமக்கு அந்த வேகம் தேவையில்லை.
3. ரெக்கார்டிங் ஃபோல்டரை டிஃபெண்டரின் எக்ஸ்க்ளூஷன் பட்டியலில் சேருங்கள். சர்ச் இண்டெக்ஸிங்கிலிருந்தும் அந்த டிரைவை நீக்குங்கள்.

மேக்கில் டிரைவை ஸ்பாட்லைட்டின் பிரைவசி பட்டியலிலும் டைம் மெஷினின் விலக்குப் பட்டியலிலும் சேர்த்து, "புட் ஹார்ட் டிஸ்க்ஸ் டு ஸ்லீப்" என்பதை அணைத்தால் போதும்.

சோதனை

விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்மார்க், மேக்கில் பிளாக்மேஜிக் டிஸ்க் ஸ்பீட் டெஸ்ட். தொடர் வேகம் 40 எம்பி அளவில் நின்றால் இணைப்பு யுஎஸ்பி 2.0-ல் இருக்கிறது: கேபிளை மாற்றுங்கள், பிறகு போர்ட்டை. கிரிஸ்டல்டிஸ்க்மார்க்கில் 4கே வரிசை, ஒற்றைக் கியூ, 10 எம்பிக்கு மேல் இருந்தால் நல்ல எஸ்எஸ்டி. ஹார்ட் டிஸ்க்கில் இது 1-ஐச் சுற்றித்தான் இருக்கும்.

எண்கள் சரியாக இருந்தாலும் இதோடு நிறுத்தாதீர்கள். கச்சேரி நாளில் எப்படி அமைப்பீர்களோ அதே மாதிரி எல்லாவற்றையும் மாட்டி, எட்டு உள்ளீட்டுக்கும் 1 கிலோஹெர்ட்ஸ் சைன் டோன் கொடுத்து, கச்சேரியை விட அரை மணி நேரம் கூடுதலாகப் பதியுங்கள். நடுவில் ஒருமுறை சார்ஜரைக் கழற்றிப் பேட்டரிக்கு மாற்றுங்கள். கேபிளின் இரு முனையையும் விரலால் லேசாக அசையுங்கள். முடிந்ததும் ஸ்பெக்ட்ரோகிராமில் (ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டுவது) திறந்தால் சைன் டோன் ஒரே கிடைக்கோடாகத் தெரியும். எங்காவது ஒரு சாம்பிள் விட்டிருந்தாலும் அந்த இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு வெட்டும். பாட்டில் காது தவறவிடும் கிளிக் இதில் தப்பாது. அசைத்தபோது இணைப்பு போயிருந்தால் அந்தக் கேபிள் குப்பைக்கு.

சத்தம் வந்தால் டிரைவ்தான் காரணமா

பட்பட் என்று கிளிக் வந்ததும் டிரைவைக் குறை சொல்வது வழக்கம். பெரும்பாலும் அது ஆடியோ பஃபர் (ஒலி சற்று நேரம் காத்திருக்கும் இடம்) சிறிதாக இருப்பதாலோ, வைஃபை போன்ற ஏதாவது ஒன்றின் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) சிபியுவைப் பிடித்துக்கொள்வதாலோ வருவது. விண்டோஸில் லேட்டன்சிமான் ஓடவிட்டால் குற்றவாளி டிரைவரின் பெயரே தெரியும். நேரடிப் பதிவில் லேட்டன்சி (ஒலி வந்து சேரும் தாமதம்) முக்கியமில்லை. பஃபரை 512 அல்லது 1,024 சாம்பிளுக்கு ஏற்றிவிடுங்கள்.

டிரைவ் காரணமென்றால் மென்பொருளே சொல்லும். ப்ரோ டூல்ஸில் -9073 என்ற பிழை, டிஸ்க் மெதுவாக அல்லது சிதறலாக இருக்கிறது என்பதைக் குறிக்கும். ஏபில்டன் லைவில் டிஸ்க் ஓவர்லோட் விளக்கு எரியும், ரீப்பரின் பெர்ஃபார்மன்ஸ் மீட்டரில் டிஸ்க் படிப்பும் எழுத்தும் தனியாகத் தெரியும்.

டிரைவ் நடுவில் கழன்றே போய்விட்டால், மறுபடி மாட்டியதும் வேவ் ஃபைல் திறக்காமல் போகலாம், அல்லது பூஜ்ஜிய நீளம் காட்டலாம். ஃபைலின் அளவு பல நூறு எம்பி இருந்தால் பதற வேண்டாம். ஒலி உள்ளேதான் இருக்கிறது, நீளத்தைச் சொல்லும் ஹெடர் மட்டும் எழுதப்படவில்லை. முதலில் அந்த ஃபைலை வேறு டிரைவுக்குக் காப்பி செய்யுங்கள். பிறகு ஆடாசிட்டியில் இம்போர்ட், ரா டேட்டா: 24 பிட் பிசிஎம், லிட்டில் எண்டியன், மோனோ, 48,000. ஆஃப்செட் 44 கொடுங்கள். வெறும் இரைச்சலாக வந்தால் மூன்று பைட் வரிசை தவறியிருக்கிறது என்று பொருள். 45, 46 என்று மாற்றிப் பாருங்கள், மூன்றில் ஒன்றில் பாட்டு வந்துவிடும். தொடக்கத்தில் ஹெடரின் எச்சமாக ஒரு சிறு டிக் இருந்தால் வெட்டிவிடலாம்.

இந்த மீட்பு வேலையே வேண்டாம் என்றால், ரீப்பரில் ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் இரண்டாவது ரெக்கார்டிங் பாதை ஒன்று கொடுத்து, டிராக்கின் ரெக்கார்டிங் செட்டிங்ஸில் இரண்டிலும் எழுதச் சொல்லுங்கள். எக்ஸ்டெர்னலிலும் உள் டிரைவிலும் ஒரே நேரத்தில் பதியும். திரும்பப் பாட வைக்க முடியாத மேடைப் பதிவுக்கு இதை விட்டுவிடுவது சரியில்லை.

பதிவு முடிந்த பிறகு

ஸ்டாப் அழுத்தி, ப்ராஜெக்டை சேவ் செய்து, மென்பொருளை மூடி, எஜெக்ட் கொடுத்த பிறகே கேபிளைத் தொடுங்கள். அரங்கத்தை விட்டுக் கிளம்பும் முன் இரண்டாவது பிரதி ஆகியிருக்க வேண்டும். 12 ஜிபிக்குச் சில நிமிடம்தான். விண்டோஸில் டெராகாப்பியில் வெரிஃபை போட்டுக் காப்பி செய்தால் இரு பிரதியும் ஒன்றா என்று சரிபார்த்துக் கொடுக்கும். இரண்டு பிரதியையும் ஒரே பையில் எடுத்துப் போகாதீர்கள்.

நீண்ட நாள் காப்புக்கு ஹார்ட் டிஸ்க்தான். எஸ்எஸ்டியில் டேட்டா மின்னூட்டமாக இருக்கிறது. மின்சாரமே படாமல் வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்தால், முக்கியமாகத் தேய்ந்த டிரைவில், அது கசியும். எழுதி மூடி வைக்கும் வேலைக்கு எஸ்எம்ஆர் டிஸ்க்கே போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாட்டி, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் "கரண்ட் பெண்டிங் செக்டர்" (டிஸ்க் படிக்கத் திணறும் இடங்கள்) எண்ணைப் பாருங்கள். அது பூஜ்ஜியத்திலிருந்து நகர்ந்திருந்தால் சோதனை, ஃபார்மேட் என்று எதையும் ஓட்டாமல், அன்றைக்கே எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள்.